சாத்தப்பன் அண்ணனுக்கு, டிக்கெட்டோடு ஒரு தாள்

பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சமிருக்கிறதா, பாருங்கள்.
இருக்கிறது. நான் பார்த்துவிட்டேன்.
இருந்தாலும் நீங்களும் பாருங்கள்.
ராத்திரி பத்தரைக்கு எனக்கு வரும் போன்களில்
ஒன்றாவது குறையும்.

முதல்நாளே சென்னைக்குப் போய்விடுங்கள்.
பல்லவன் எங்காவது சிக்னலில் நின்றால்
கப்பல் நிற்காது.
கை காட்டினால் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொள்ள
அது பள்ளத்தூர் டவுன் பஸ் இல்லை.

பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்,
அறைக்கு வந்துசேர இருட்டிவிடும்.
பிரஷர் மாத்திரை, கண்ணாடி, ஒரு மாற்றுச் சட்டை
கைப்பையில் இருக்கட்டும்.
இஸ்திரிப் பெட்டி கூடாது. சூடம் கூடாது.
சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் இருந்தும்
தீயென்றால் அவர்களுக்கு நடுக்கம்.

உண்ணாமலை அக்கா சீப்புச் சீடை நாலு தூக்கு,
மனகோலம் இரண்டு தூக்கு கட்டியிருக்கிறாராம்.
வாசலிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள்.
செக்காலை ரோட்டில், மாடியில்,
என் மேஜைமேல் இடமிருக்கிறது.
இது யோசனை மட்டுமே.

விருந்து ராத்திரிக்கு வேட்டி கட்டலாம், கேட்டுவிட்டேன்.
பெல்ட் போடுங்கள். மேல்தளத்தில் காற்று மரியாதை பார்க்காது.

கரை மறைந்ததும் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள்.
போன வருஷம் தேவகோட்டைக் கண்ணாடிக் கடைக்காரர்
நடுக்கடலில் மச்சானோடு ஒன்பது நிமிஷம் தகராறு செய்தார்.
பில் வந்த பிறகு
என்னோடு ஒன்பது மாதம்.

அறை நூற்றெழுபது சதுர அடி.
உங்கள் வீட்டில் ஊறுகாய் ஜாடிகள்
இதைவிட வசதியாக இருக்கின்றன.
பதினேழு அறைகளில் ஆளுக்கொரு மூலையாக
நடந்து பழகிவிட்டீர்கள் இருவரும்.
இங்கே ஒருவர் எழுந்தால்
மற்றவர் காலை மடக்க வேண்டும்.

உயிர்காப்புப் படகு எத்தனை என்று
திங்கட்கிழமை கேட்டீர்கள். பதினாறு.
ஒன்றில் எத்தனை பேர் என்று செவ்வாய். நூற்றைம்பது.
பெயின்ட் கடைக் கால்குலேட்டர் தட்டும் சத்தம்
போனில் எனக்குக் கேட்டது.
வியாழக்கிழமை,
யாரோ ஒரு சிநேகிதருக்காகக் கேட்பதாகச் சொல்லி,
ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்றீர்கள்.
சிநேகிதரிடம் சொல்லுங்கள், ஒரு பைசா திரும்பாது.

இதை எழுத வேண்டாமென்று இருந்தேன்.

பால்கனி அறை கைதவறிப் போனது,
கம்ப்யூட்டர் குழப்பம் என்று உங்களிடம் சொன்னேன் அல்லவா,
குழப்பமே இல்லை.
அக்கா மாடியேறி வந்தார், தனியாக, மூச்சிரைக்க.
எந்த அறை குறைவாக ஆடும் என்று கேட்டார்.
கீழ்த்தளம், நடுவாக்கில் என்றேன்.
ஜன்னல்?
கிடையாது, அக்கா.
என் மேஜையில் அவர் போனமுறை விரல் வைத்துக் காட்டிய
அதே பால்கனிப் படம் விரிந்துகிடந்தது.
மூடி ஓரமாகத் தள்ளினார்.
“ரெண்டு கட்டிலையும் சேர்த்துப் போடச் சொல்லும்மா.
ராத்திரி முழிச்சார்னா கை எட்டணும்.”
உங்களிடம் சொல்லக்கூடாது என்றார்.
சொல்லிவிட்டேன். இரண்டு மனகோலத் தூக்கும்
இதனால் கைவிட்டுப் போகலாம்.

இனி அறிவுரை.
இஞ்சி மிட்டாய் வாங்குங்கள், வெறும் வயிறு வேண்டாம்.
தலை சுற்றினால் கடலும் வானமும் தொடுமிடத்தைப் பாருங்கள்.
ஜன்னலில்லா அறையில் அது தெரியாது,
ஆகவே விடியற்காலை அக்காவை மேல்தளத்துக்குக் கூட்டிப்போங்கள்.
லிஃப்ட் இருக்கிறது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம்,
வெட்கமில்லை, எல்லோரும் பிடித்துக்கொண்டுதான் நிற்பார்கள்.
நிற்பார்களாம்.
பதினொரு வருஷமாகக் கப்பல் டிக்கெட் போடுகிறேன்,
ராமேஸ்வரத்தில் கால் நனைத்ததோடு சரி.

மறந்துவிட்டேன்:
லைஃப் ஜாக்கெட் அலமாரியின் மேல்தட்டில், இரண்டு.
எண்ணிப் பார்த்ததும் எனக்குப் போன் செய்யத் தோன்றும்.
ஏரோப்ளேன் மோட், அண்ணே.